மானிட்டரும் தாய்மாமன் மடியும்

வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில், மனு வாங்குகிற மேசையில் நான் உட்காருகிறேன். ஒருவர் சொல்வதை வாங்கி இன்னொருவரிடம் சேர்ப்பது, அவர் சொல்லும் பதிலை வாங்கி முதலாமவரிடம் சேர்ப்பது. அவ்வளவுதான் வேலை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும் விஷயங்கள்தான் பெரும்பாலும். அவர்கள் அப்படிப் பேசாததால்தான் எனக்குச் சம்பளம் வருகிறது என்பதால் அலுவலகத்தில் இதைப் பற்றி நான் குறைப்பட்டுக்கொண்டதில்லை. வீட்டிலும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்க வேண்டி வந்தபோதுதான் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் பேசிக்கொள்ளாதவர்கள் என் வீட்டுக்காரரும் என் தம்பியும். தம்பி அடி அண்ணாமலையில் இருக்கிறான். அப்பா அம்மா விட்டுப்போன பழைய வீட்டை இடித்து, கிரிவலப் பாதை ஓரமாகவே புதிதாகக் கட்டினான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை செய்கிறான். கிரகப்பிரவேசத்துக்கு ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினான். அந்த ஊரோடு என் வீட்டுக்காரரையும் சேர்த்துவிட்டான். வீட்டு மாப்பிள்ளையை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வந்துதான் அழைக்க வேண்டும். இது அவனுக்குத் தெரியாததல்ல. "அக்கா வீடு நம்ம வீடுதானே" என்று நினைத்துவிட்டதாகப் பிறகு சொன்னான்.

"நான் அந்த வீட்டு மாப்பிள்ளையா, இல்ல அவன் ஃபோன்ல கெடக்கற ஒரு நம்பரா?" என்று இவர் கேட்டார். போகவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போனேன். வந்தவர்களெல்லாம் "மாப்ள எங்க காணோம்?" என்று கேட்கக் கேட்கத் தம்பியின் முகம் சுண்டிப்போனது. சபையில் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டார் என்று அவனுக்குக் கோபம். தன்னை மதிக்கவில்லை என்று இவருக்குக் கோபம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நியாயம் இரண்டு பக்கமும் இருந்தால் வழக்கு முடியாது என்பது என் அலுவலக அனுபவம்.

இது இப்படியே கிடந்து போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் மகளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். ஒரு வயதில் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் தள்ளிப்போனது. இப்போது மூன்று ஓடிக்கொண்டிருந்தது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான். மாமனை அழைக்க வேண்டியவர் இவர். இவர் வாயைத் திறந்தால்தானே?

செங்கத்தில் இருக்கும் என் மாமியார் ஃபோனில் ஒரு வழி சொன்னார். "உன் சித்தப்பா மவன் இருக்கான் இல்ல? அவனும் மாமன் மொறதான். அவன் மடியில உக்கார வெச்சுக் குத்திடலாம்." கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் சொந்த மாமன் உள்ளூரில் இருக்கும்போது மடி மாறினால், அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். அப்புறம் என் தம்பி ஆயுசுக்கும் என் வாசல்படி மிதிக்கமாட்டான். நானும் எந்த முகத்தோடு அங்கே போவேன்? பிறந்த வீடு என்று எனக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். அதை இழக்க எனக்கு மனமில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்குக் கேமிங் கம்ப்யூட்டர் ஆசை வந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். படிக்கிற காலத்தில் பிரவுசிங் சென்டரில் கார் ரேஸ் விளையாடியவர். பாதியில் விட்ட ஆசை போலிருக்கிறது. கோடை விடுமுறையில் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்து, பெட்டியை மட்டும் ஆன்லைனில் வரவழைத்தார். அது கண்ணாடிக் கதவும் உள்ளே கலர் விளக்குமாக மாரியம்மன் கோயில் திருவிழா மாதிரி வந்து இறங்கியது. மானிட்டர் மட்டும் பாக்கி. அதில்தான் அவருக்குக் குழப்பம். ஒரு வீடியோவில் நல்லது என்றதை அடுத்த வீடியோவில் ஆகாது என்றார்கள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "உன் தம்பி என்ன மானிட்டர் வெச்சிருக்கான்?" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்? கேக்கட்டுமா?"

"கேளு. நான் கேட்டேன்னு சொல்லாத."

தம்பிக்கு ஃபோன் போட்டேன். "யாரு கேக்கறாங்கன்னு நான் கேக்கல" என்று ஆரம்பித்தான். பிறகு கிராபிக்ஸ் கார்டு என்ன, மேசை எவ்வளவு அகலம், சுவருக்கும் நாற்காலிக்கும் எவ்வளவு தூரம் என்று வரிசையாகக் கேட்டான். ரவிக்கை அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு நான் மேசையை அளந்தேன். இவர் செய்தித்தாள் படிப்பது போல உட்கார்ந்து, டேப்பின் மறுமுனையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

இப்படியாக நான் மானிட்டர் படித்தேன். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்குள் திரை எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது. அது ஜாஸ்தி இருந்தால் வண்டி திரும்பும்போது கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போகும், கம்மி என்றால் விட்டு விட்டுத் தெரியும். திரை பெரிதாகிப் புள்ளிகள் அதே அளவில் இருந்தால் படம் சொரசொரப்பாகும். ஒரு வகைத் திரையில் பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாது, இன்னொரு வகையில் கறுப்பு நன்றாக இருக்கும் ஆனால் இருட்டுக் காட்சியில் படம் இழுக்கும். இதையெல்லாம் ஒருவரிடமிருந்து கேட்டு இன்னொருவருக்குச் சொல்லிச் சொல்லி, அலுவலகத்தில் ஒரு நாள் சக ஊழியர் டிவி வாங்குவதைப் பற்றிக் கேட்டபோது நான் பாட்டுக்கு விளக்கிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தம்பியின் முடிவு, இருபத்தேழு இன்ச், தட்டைத் திரை. இவருக்கு முப்பத்திரண்டு இன்ச், வளைந்தது வேண்டும்.

"இருவத்தேழு போதும்னா இன்னா அர்த்தம்? நமக்கு அவ்ளோதான்னு நெனைக்கறானா?"

இதை நான் தம்பியிடம் சேர்க்கவில்லை. மனு மேசையில் கற்றுக்கொண்ட இன்னொரு பாடம் அது. எல்லாவற்றையும் சேர்த்துவிடக் கூடாது.

டவுனில் ஒரு கடைக்குப் போனோம். சுவர் முழுக்க மானிட்டர்கள், எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்திக்கொண்டிருந்தது. மகள் ஒவ்வொரு திரையாக ஓடி அது அதே மீன்தானா என்று பார்த்தாள். கடைக்காரர் வளைந்த திரையைக் காட்டி, "இப்ப எல்லாரும் இததான் சார் கேக்கறாங்க" என்றார். இவர் அதன் எதிரே உட்கார்ந்தார். எழுந்தார். தட்டைத் திரையின் எதிரே உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "வளைஞ்சது வேணாம். அந்த மேசைக்கு பெருசு. கழுத்து வலிக்கும்" என்று பதில் வந்தது. பொதுவாக மானிட்டரிடம் சொல்வது போல வாசித்தேன்.

இவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்தார். பிறகு கடைக்காரரிடம், "நானும் யோசிச்சுப் பாத்தேன். அந்த மேசைக்கு இது பெருசு. கழுத்து வலிக்கும். இருவத்தேழு தட்டையே குடுங்க" என்றார். மீசையில் மண் ஒட்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. தம்பி சொன்னதை அவர் கேட்டுக்கொண்டது வெகு நாளைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இந்தச் சாக்கில் காரியம் நடந்துவிடும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, நல்ல நேரம் பார்த்து, மானிட்டரின் அடிவிளிம்பில் நான் சந்தனமும் குங்குமமும் வைக்க, அவர் கேபிளைச் சொருகி ஓட்டினார். படம் வந்தது. கார் ரேஸ் போட்டார். கார் ஓடவில்லை. நொண்டியது. ஒரு வளைவில் திரும்புவதற்குள் நான் வாசலுக்குப் போய்ப் பால் பாக்கெட் எடுத்து வந்துவிடலாம். அதையும் மாற்றி இதையும் மாற்றிப் பார்த்தார். இரண்டு நாள் இப்படிப் போனது. பிறகு தீர்ப்பு வந்தது.

"வேணும்னே செஞ்சிருக்கான்."

"யாரு?"

"உன் தம்பிதான். இந்தப் பெட்டிக்கு இந்த மானிட்டர் ஒத்துக்கல. அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் சொல்லியிருக்கான். அம்மாகிட்ட சொல்லிட்டேன். உன் சித்தப்பா மவனையே கூப்பிடலாம். நாள் பாக்கச் சொல்லியிருக்கேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வாய்வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. பயமாக இருந்தது. ஒரு கார் சரியாக ஓடாததற்காக என் பிறந்த வீடு போகப் போகிறது. சிரிக்கிற விஷயம் போலத் தெரியும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலமே தம்பிக்கு வீடியோ கால் போட்டு, ஃபோனைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் திருப்பிப் பிடித்தேன். இவரைக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் தம்பியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. இவர் குரல் அவனுக்கும் கேட்கும். இருந்தாலும் இரண்டு பேரும் என்னிடம்தான் பேசினார்கள்.

"அக்கா, கேபிள மேல சொருகியிருக்கு பாரு. அங்க இல்ல. கிராபிக்ஸ் கார்டு கீழ இருக்கு. அதுல சொருகச் சொல்லு."

"கீழ சொருகணுமாம்."

"கீழ எங்க எடம் இருக்கு? எல்லாம் மூடியிருக்குன்னு சொல்லு."

"மூடியிருக்காம்."

"அது சும்மா கருப்பு பிளாஸ்டிக் மூடிதான்கா. கழட்டச் சொல்லு."

"மூடிய கழட்டணுமாம்."

"புதுசு அது. கழட்டுனா உள்ள தூசி போயிடும்னு சொல்லு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் வீட்டில் புதுப் பொருளின் உறையை யாரும் கழற்றுவதில்லை. டிவி ரிமோட் வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. பட்டன் மழுங்கி எண் தெரியாமல் போனபிறகும் உறை போகவில்லை. ஃபிரிட்ஜ் கைப்பிடி, ஃபேன் சுவிட்ச், ஸ்கூட்டர் சீட் எல்லாம் அப்படியே. கழற்றினால் பழசாகிவிடும் என்று ஒரு எண்ணம். கார்டின் துளைகளில் கம்பெனிக்காரன் மாட்டி அனுப்பிய மூடிகளை இவர் பத்திரமாக விட்டுவைத்து, திறந்திருந்த வேறு துளையில் கேபிளைச் சொருகிவிட்டார். காரை வேகமாக ஓட்டுவதற்கென்றே அத்தனை விலை கொடுத்து வாங்கிய கார்டு உள்ளே சும்மா விளக்கு எரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அக்கா, அதுதான் வழி. வழிய மூடி வெச்சா படம் எப்படி வரும்னு கேளு."

நான் கேட்கவில்லை. திடீரென்று எனக்கு அலுத்துவிட்டது. ஃபோனை மேசைமேல் பூச்சாடியில் சாய்த்து வைத்தேன்.

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

சமையலறையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. ஃபோனை அணைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு எதுவோ கீழே விழுந்தது.

"மாமா" என்றது தம்பியின் குரல். "ஃபோன் குப்புற விழுந்துடுச்சு."

ஃபோனை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

"இப்ப தெரியுதா?" என்றார் இவர்.

"தெரியுது. அதில்ல, அதுக்கு அடுத்தது. நகத்தால நெம்புங்க, வந்துடும்."

"ஒடஞ்சிடுமா?"

"ஒடையாது மாமா."

அதற்கப்புறம் செட்டிங்ஸில் ஹெர்ட்ஸை மாற்றச் சொன்னான். பிறகு கார் ஓடிய சத்தம் வந்தது. நான் போய்ப் பார்த்தபோது இவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கார் வளைவில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. "பாத்தியா" என்று மட்டும் என்னிடம் சொன்னார். தம்பி லைனிலேயே இருந்தான்.

அந்த வாரமே இவர் காதில் மாட்டும் மைக் செட் ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இரண்டு பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒரே பந்தயத்தில் ஓடினார்கள். "வலதுல வராத மச்சான்", "பிரேக், பிரேக்" என்று இவர் பேசும் பாதி மட்டும் வீட்டில் கேட்கும். நான் ஒவ்வொரு வாரமும் காத்திருந்தேன். கார், டயர், வளைவு தவிர வேறு பேச்சே இல்லை. விளையாட்டு வேறு, வீட்டு விஷயம் வேறு என்று ஆம்பளைகளால் எப்படித்தான் பிரித்து வைக்க முடிகிறதோ. மாமியார் நாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒரு ஞாயிறு, பந்தயத்துக்கு நடுவில், நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, இவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "மச்சான், பாப்பாவுக்குக் காது குத்தணும். நீதான் மடி குடுக்கணும்."

எனக்குக் கை நின்றுவிட்டது. தம்பி என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்காது. இவர் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. அவருடைய கார் தடுப்பில் மோதி நின்றது. அவர் அதை எடுக்கவில்லை. மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இன்னா சொல்றான்?" என்றேன்.

"வெத்தல பாக்கோட வந்து கூப்பிடச் சொல்றான்."

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நியாயந்தானே" என்றார். "தட்டு எங்க வெச்சிருக்க?"

நாளைக்குப் போகலாம் என்று சொன்னேன். அன்றைக்குப் பௌர்ணமி. பாதையில் வண்டி விடமாட்டார்கள். "நல்ல நாளா போச்சு" என்றார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வேங்கிக்காலிலிருந்து மலையின் வடபுறமாகப் போனால் அடி அண்ணாமலை கிட்ட. ஆனால் அது கிரிவலத்துக்கு எதிர்த்திசை. வருகிற கூட்டத்தை முட்டிக்கொண்டு எதிரே நடக்க அவருக்கு மனமில்லை. ஆகவே கோபுரத்தைத் தாண்டி, தெற்கே செங்கம் சாலையில் இறங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். தோளில் மகள். கையில் தட்டு.

தட்டைப் பார்த்தவர்கள் சாமிக்குப் போகிறது என்று நினைத்தார்கள். சிலர் கும்பிட்டார்கள். ஒரு அம்மா பத்து ரூபாய் போட்டார். ஒரு பெரியவர் வாழைப்பழம் ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயே போய்விட்டார். "ஐயா, இது மச்சானுக்கு" என்று இவர் சொன்னது அவர் காதில் விழவில்லை. நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. மீதிப் பழத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நடந்தார்.

நிலா மேலே வந்தபோது வீட்டை அடைந்தோம். தம்பி வாசலில் நடந்து வருபவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். இவர் நின்ற இடத்திலேயே, வேர்வை ஒழுக, சம்பிரதாயமாகத் தட்டை நீட்டி, "தாய்மாமனா வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்" என்றார். தம்பி இரண்டு கையாலும் வாங்கினான். "இவ்ளோ தூரம் நடந்தா வந்தீங்க மாமா?" என்றான். தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு முதலில் இவருக்குத் தண்ணீர் கொடுத்தான்.

காது குத்து குலதெய்வம் கோயிலில் நடந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மகள் தம்பியின் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மாமா, கைய புடிங்க, ஒதறுறா" என்று தம்பி கூப்பிட்டான். இவர் வந்து மண்டி போட்டுக் குழந்தையின் கைகளைப் பிடித்தார். "ஆட்டாதடா, தலைய அசையாம புடி" என்று இவர் அவனை அதட்ட, "நான் புடிச்சுதான் இருக்கேன், நீங்க அழுவாதீங்க மொதல்ல" என்று அவன் இவரை அதட்டினான். முதல் காதில் ஊசி இறங்கியதும் மகள் வீறிட்டு, என்னைத் தேடாமல், மாமன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் ஓரடி தள்ளி நின்றேன். என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. நன்றாக அழுதேன்.